முன்வாசலிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: நாங்கள் ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். பழைய மாடிக் கட்டடம் ஒன்று நன்கொடையாகக் கிடைத்திருக்கிறது. போரில் காயமடைந்து திரும்பிய படைவீரர்களுக்கு அதில் பகல்நேர மறுவாழ்வு மையம் ஒன்றைத் தொடங்க ஆசை. முன்வாசலில் ஆறு படிகள், ஏறக்குறைய 3 அடி உயரம். பின்பக்கம் இடம் நிறைய இருப்பதால் சாய்தளத்தை அங்கே வைக்கலாம் என்கிறார்கள். கீழே பெரிய கூடம் இருக்கிறது. அதில் போர்க்களப் படங்களும் பழைய ஆயுதங்களும் வைத்தால் வருகிறவர்களுக்குப் பெருமிதமாக இருக்கும் என்பது குழுவினரின் எண்ணம். பக்கத்தில் உடற்பயிற்சி அறை. மனநல ஆலோசனை அமைதியாக நடக்கட்டும் என்று அதை மாடியில் வைக்க நினைக்கிறோம். லிஃப்டுக்கு இப்போது பணம் இல்லை. திட்டத்தைக் காட்டியபோது காயமடைந்த நண்பர்கள் சிலர் “திறங்க, பார்க்கலாம்” என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். வருவார்களா என்ற பயம் வந்துவிட்டது. எதை மாற்ற வேண்டும்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

“திறங்க, பார்க்கலாம்” என்றதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவமனை, மருத்துவக் குழு, ஓய்வூதிய அலுவலகம் என்று மாதக்கணக்கில் அடுத்தவர் குறித்த நேரத்துக்குப் போய், அடுத்தவர் காட்டிய நாற்காலியில் காத்திருந்து வந்தவர்கள் அவர்கள். புதிதாக ஒரு கட்டடம் என்றதும் புதிதாக ஒரு வரிசை என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. எந்த அறை எங்கே என்பதையெல்லாம் முடிவு செய்துவிட்டு அதற்குப் பிறகு அவர்களிடம் காட்டியிருக்கிறீர்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். காயமடைந்தவர்களில் மூன்று நான்கு பேரைத் திட்டக் குழுவிலேயே சேருங்கள். ‘இது வேண்டாம்’ என்று நிறுத்துகிற உரிமையும் அவர்களுக்கு இருக்கட்டும். அவர்கள் செலவிடும் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். வரைபடம் போடுகிற என்னைப் போன்றவர்களுக்குக் கொடுக்கிறீர்கள் அல்லவா?

ஆட்களைச் சேர்க்கும்போது காயங்கள் வேறு வேறாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர், செயற்கைக் காலில் நடக்கிறவர், கையை இழந்தவர், பார்வையோ செவியோ பாதிக்கப்பட்டவர், வெளியில் ஒரு தழும்பும் தெரியாமல் தூக்கத்தைத் தொலைத்தவர் என்று ஒவ்வொருவருக்கும் அந்தக் கட்டடம் ஒவ்வொரு விதமாகத் தெரியும். ஒருவருக்கு உதவுவது இன்னொருவருக்கு இடைஞ்சலாவதும் உண்டு.

சாய்தளமே அதற்கு நல்ல உதாரணம். பலரும் ஏற்றுக்கொண்ட கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது 1 அடி உயர 12 அடி நீளம். உங்கள் 3 அடி உயரத்துக்குச் சரிவு மட்டும் 36 அடி வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் நடுவிலும் 5 அடிச் சமதளம் சேர்த்தால் 50 அடியைத் தாண்டிவிடும். “அவ்வளவு இடமா!” என்று குழுவில் யாராவது சரிவைச் செங்குத்தாக்கச் சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். முன்பக்கம் நேராக நீள இடமில்லை என்றால் மடக்கித் திருப்பிக் கட்டலாம். பின்வாசல் யோசனையை மட்டும் இன்றைக்கே கைவிடுங்கள். சரக்கு இறங்குகிற வழியில் ஒருவரை வரச் சொல்லிவிட்டு, உள்ளே எத்தனை மரியாதை காட்டினாலும் அது ஒட்டாது.

ஆனால் சாய்தளம் கட்டியதும் படிகளை இடித்துவிடாதீர்கள். முழங்காலுக்கு மேலே காலை இழந்து செயற்கைக் கால் அணிந்தவருக்கு நீளமான சரிவில் இறங்குவது பெரும் பாடு. உயரம் குறைந்த படிகளும் உறுதியான கைப்பிடியும் அவருக்கு அதைவிட வசதி. ஆகவே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வாசலுக்குப் போகட்டும். கைப்பிடிக் கம்பி இரண்டு பக்கமும் வேண்டும். வலது கை மட்டும் இருக்கிறவர் ஏறும்போது பிடித்த கம்பி, இறங்கும்போது அவருக்கு இடப்பக்கம் ஆகிவிடும். ஒரு பக்கம் மட்டும் கம்பி போட்டால் பாதி வழிக்குத்தான் போட்டதாக அர்த்தம். செலவைக் குறைக்க முதலில் வெட்டுகிற இடம் இதுவாகத்தான் இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

வாசல் கதவு திறந்த நிலையில் 90 செ.மீ. வழி இருக்க வேண்டும். உருண்டைக் குமிழ் வேண்டாம். முழங்கையால் அழுத்தினாலே திறக்கிற நீளக் கைப்பிடி போடுங்கள். கதவு தானாக மூடுவதற்கு மாட்டுகிற கருவியைச் சரியாகத் திருகி வைக்காவிட்டால் கதவு கனத்துப்போகும், இல்லையென்றால் படாரென்று அடிக்கும். அந்தப் ‘படார்’ உங்கள் மையத்துக்கு ஆகவே ஆகாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். வரவேற்பில் உயரமான கவுண்டர் எதற்கு? சாதாரண மேசையும் இருபுறமும் நாற்காலியும் போதும்.

கழிப்பறைக்கு வருவோம். சக்கர நாற்காலி சுற்றித் திரும்ப 5 அடி விட்டம், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, தரைவரை தொங்கும் அவசர அழைப்புக் கயிறு (விழுந்தவர் கைக்கு எட்ட வேண்டும், பாதியில் சுருட்டிக் கட்டிவிடுவார்கள், கவனியுங்கள்) இவையெல்லாம் உங்கள் பொறியாளருக்கே தெரிந்திருக்கும். தெரியாத ஒன்று சொல்கிறேன். நாற்காலியிலிருந்து கழிப்பறை இருக்கைக்கு மாறுகிறவர் தன் வலுவான பக்கமாகத்தான் மாறுவார். அது சிலருக்கு இடம், சிலருக்கு வலம். இரண்டு கழிப்பறைகள் கட்டுவதானால் ஒன்றில் இடப்பக்கமும் மற்றதில் வலப்பக்கமும் காலியிடம் விடுங்கள். ஒரே மாதிரி இரண்டு கட்டுவதற்கு ஆகும் அதே செலவுதான்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கழிப்பறையை ஒட்டி ஒரு சின்னத் தனியறை. செயற்கைக் காலின் சாக்கெட்டுக்குள் (வெட்டுண்ட கால் பொருந்துகிற குழிவு) வியர்வை சேரும், உறை வழுக்கும், தோல் உரசிப் புண்ணாகும். நடுப்பகலில் காலைக் கழற்றி, துடைத்து, உறையை மாற்றி மறுபடி மாட்டிக்கொள்ள அவருக்கு ஓரிடம் வேண்டும். பெரும்பாலான கட்டடங்களில் ஈரத் தரையுள்ள கழிப்பறையில் மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் அதைச் செய்கிறார்கள். உங்கள் தனியறையில் காய்ந்த தரை, அசையாத பெஞ்சு, எட்டும் உயரத்தில் கைகழுவும் தொட்டி, கழற்றிய காலைச் சாய்த்து வைக்க ஒரு மூலை, ஊன்றுகோலுக்குக் கொக்கி, உட்புறத் தாழ்ப்பாள், நீளக் கைப்பிடி வைத்த ஒரு கண்ணாடி இருக்கட்டும். கண்ணாடி முகம் பார்க்க இல்லை. வெட்டுண்ட காலின் பின்பக்கம் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. தண்டுவடக் காயம் உள்ளவருக்கு உணர்ச்சி இல்லாத இடத்தில் படுக்கைப் புண் தொடங்குவதைக் கண்டுபிடிக்கவும் அதே கண்ணாடிதான். இந்த அறை இருந்தால் ஒருவர் மாலைவரை இருப்பார், இல்லையென்றால் இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார். காரணம் சொல்ல மாட்டார்.

வெப்பத்தையும் கவனியுங்கள். தீக்காயத்துக்குத் தோல் ஒட்டிய இடத்தில் வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்யாது, உடம்பு சூட்டை வெளியேற்றத் திணறும். தண்டுவடத்தில் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கும் இதே சிக்கல். நிழலும் காற்றோட்டமும் இவர்களுக்குச் சிகிச்சையின் ஒரு பகுதி. முற்றத்தில் மரம் இருந்தால் வெட்டாதீர்கள். ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பித்தப்பை அறுவை முடிந்த நோயாளிகளில் ஜன்னல் வழியே மரம் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். இரு தரப்பிலும் 23 பேர்தான், சின்ன ஆய்வு. அதை வைத்து மரம் மருந்தாகும் என்று விளம்பரப் பலகை எழுதிவிட வேண்டாம், ஜன்னலை மரத்தின் பக்கம் திருப்பினால் போதும்.

இப்போது அந்தப் ‘படார்’ விஷயம். வெளியே தெரியாத காயங்களுக்குத்தான் கட்டடக் கலைஞர்கள் மிகக் குறைவாக வரைகிறார்கள். போருக்குப் பிந்தைய மன அதிர்ச்சி உள்ளவர் பலருக்கு ஓர் அறைக்குள் நுழையும் முன்பே உள்ளே யார் இருக்கிறார்கள், வெளியேறும் வழி எது என்று தெரிந்தாக வேண்டும். கதவில் கண்ணாடிப் பட்டை ஒன்று வைத்தால் அது தெரிந்துவிடும். நாற்காலிகளைக் கூடத்தின் நடுவில் வரிசையாகப் போட்டு, முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருக்கும்படி செய்யாதீர்கள். சுவரோரம் முதுகு சாயும்படி, வாசலைப் பார்க்கும்படி இருக்கைகள் இருக்கட்டும். யார் எங்கே உட்காருவது என்பதை அவர்களே முடிவு செய்ய, நாற்காலிகள் நகர்த்தக்கூடியவையாக இருக்கட்டும். அறைக்கு இரண்டு வழிகள் இருந்தால் நல்லது. இரும்புக் கதவு, திடீரென்று உறுமும் ஜெனரேட்டர், ஒலிபெருக்கி அறிவிப்பு எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டுங்கள். தீ எச்சரிக்கை மணியைச் சோதிக்கிற நாளை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

குண்டுவெடிப்பில் மூளை அதிர்ந்தவருக்கு மினுக்கும் டியூப்லைட்டும் பளபளக்கும் டைல்ஸும் தலைவலியைக் கிளப்பும். வழி மறந்து போகும், பேச்சின் நடுவில் இழை அறுந்து போகும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம், எழுத்தோடு படமும் உள்ள பலகை, கட்டங்களும் கோடுகளும் இல்லாத தரை என்று எளிமையாக வையுங்கள். ஒவ்வொரு அறை விளக்கையும் தனித்தனியே மங்கலாக்க முடிய வேண்டும். செவியும் அப்படித்தான். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் நிவாரணம் பெறும் பாதிப்புகளில் முதலிடத்தில் இருப்பது காதுக்குள் ஓயாமல் இரைகிற இரைச்சல், கேட்கும் திறன் குறைவும் முன்வரிசையில் உண்டு. எதிரொலிக்கிற பெரிய கூடத்தில் இவர்கள் பத்து பேர் பேச்சில் ஒரு வார்த்தையைப் பிடிக்க முடியாமல் சிரித்துச் சமாளிப்பார்கள், மறுவாரம் வர மாட்டார்கள். கூடத்தை இரண்டு மூன்றாகத் தடுத்து, மேற்கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை பொருத்துங்கள். முகம் பார்த்துப் பேச வட்ட மேசை போடுங்கள்.

படங்களும் ஆயுதங்களும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆயுதம் வேண்டவே வேண்டாம், செயலிழந்ததாக இருந்தாலும். வருகிறவர்களில் சிலர் தற்கொலை எண்ணத்தோடு போராடிக்கொண்டிருப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். போர்க்களப் படம் ஒருவருக்குப் பெருமிதம் தரலாம், இன்னொருவருக்கு அதே படத்தில் திரும்பி வராத நண்பன் நிற்பான். தன் படைப்பிரிவின் சின்னத்தையோ குழுப் படத்தையோ மாட்ட விரும்புகிறவருக்கு ஒரு சுவர் ஒதுக்குங்கள், பொதுவழியில் இல்லாமல் விரும்பினால் போய்ப் பார்க்கிற மாதிரி. எதை மாட்டுவது என்பது அவர்கள் பாடு. அப்புறம் நன்கொடையாளர்கள் வருகிற நாளில் காயமடைந்தவர்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுக்கிற வழக்கத்தைத் தொடங்காமலேயே இருந்துவிடுங்கள். தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது.

வீரர்களைப் போற்றுவது, பரிதாபப்படுவது இரண்டுமே அவர்களைச் சும்மா உட்கார வைத்துவிடும். வரலாற்றைப் பார்த்தால் காயமடைந்த வீரர்கள் சும்மா இருந்தவர்கள் இல்லை. நடைபாதை முனையில் சக்கரம் இறங்கச் சரித்துக் கட்டுகிறார்களே, அமெரிக்காவின் கலமசூ நகரத்தில் 1945-லேயே அதைக் கேட்டுச் செய்ய வைத்தவர் ஜாக் ஃபிஷர் என்ற காயமடைந்த முன்னாள் வீரர், தொழிலால் வழக்கறிஞர். பார்வையற்றவர்கள் நீண்ட வெள்ளைக் கோலை இடமும் வலமும் வீசி நடக்கிற முறை, இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்தவர்களுக்காக வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் வகுத்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1948-இல் டிமோதி நுஜன்ட் தொடங்கிய திட்டத்தில் சக்கர நாற்காலியில் வந்து படித்தவர்களில் பலர் முன்னாள் வீரர்கள். அங்கே கிடைத்த அனுபவத்தின் மேல்தான் 1961-இல், உடல் குறையுள்ளவர்களும் கட்டடங்களுக்குள் தடையின்றி வந்துபோவதற்கான அமெரிக்காவின் முதல் தர விதிகள் எழுதப்பட்டன.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மனை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தண்டுவடம் அடிபட்டவர் சீக்கிரம் செத்துப்போவார் என்றே மருத்துவர்கள் நம்பிய காலம். அவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப் புண்ணைத் தடுத்தார், தேறியதும் பட்டறை வேலையும் விளையாட்டும் கொடுத்தார். லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்று அந்த மருத்துவமனைப் புல்வெளியில் காயமடைந்த 16 பேர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது அதுதான். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் குண்டடிபட்ட நம் இந்தியப் படைவீரர் முரளிகாந்த் பேட்கர் 1972-இல் ஹைடல்பர்க்கில் நீச்சலில் தங்கம் வென்றது அந்தப் பாராலிம்பிக்கில்தான். ஆகவே உங்கள் உடற்பயிற்சி அறை நல்ல யோசனை. கருவி வாங்குவதற்கு முன் அவர்களுக்கு என்ன விளையாட ஆசை என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் எடை தூக்க விரும்புவதில்லை.

குட்மனிடம் எனக்குப் பிடித்தது, தன் நோயாளிகளை வெளியே அனுப்புவதிலேயே குறியாக இருந்தார் என்பது. உங்கள் மையமும் அப்படி வெளியே அனுப்புகிற இடமாக இருக்க வேண்டும். வருகிறவர் எண்ணிக்கை கூடுவதை வெற்றி என்று ஆண்டறிக்கையில் எழுதுவீர்கள். வேலை கிடைத்தோ படிக்கப் போயோ வருவதை நிறுத்தியவர்களையும் எழுதுங்கள்.

வேலை விஷயத்தில் ஒரு தவறான வழக்கம் இருக்கிறது. முதலில் ஆளைத் ‘தயார் செய்வோம்’, பிறகு வேலை தேடலாம் என்று தையல், கணினி என வகுப்புகளை நடத்திக்கொண்டே இருப்பார்கள். விருப்பப்பட்ட வேலையில் முதலிலேயே சேர்த்துவிட்டு, சேர்ந்த பிறகும் கூடவே நின்று உதவுகிற முறை ஒன்று உண்டு. மன அதிர்ச்சி பாதித்த முன்னாள் வீரர்களிடம் இந்த முறையை, முதலில் தற்காலிக வேலை கொடுத்துப் பழக்குகிற முறையோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. வேலையில் நிலைத்தவர்கள் நேராக வேலையில் சேர்க்கிற முறையில்தான் அதிகம். ஒரு வகுப்பறையைக் குறைத்துக்கொண்டு அந்தப் பணத்தில் முதலாளிகளைப் போய்ப் பார்த்துப் பேசுகிற ஓர் ஆளை நியமிக்கலாம் என்பேன்.

சேவையில் அதைவிட அவசரம், ஒருவருக்கு ஒரே ஆள் என்ற ஏற்பாடு. ஓய்வூதிய மனு, மருத்துவச் சான்று, செயற்கைக் கால் பழுது, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று எதற்கு வந்தாலும் அவர் தன் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லாதபடி, அவரைத் தெரிந்த ஒரு பணியாளர் இருக்க வேண்டும். அந்தப் பணியாளர்களில் சிலராவது தாங்களே காயப்பட்டு மீண்டவர்களாக இருக்கட்டும், முறையான பயிற்சியோடும் சம்பளத்தோடும். மருத்துவரிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்வார்கள். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்க எல்லாப் பணியாளருக்கும் பயிற்சி கொடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. இருக்கிறது என்று பதில் வந்தால் அன்றைக்கே எந்த மனநல மருத்துவரிடம், யார் கூட்டிப் போவது என்பது எழுதி வைத்ததாக இருக்க வேண்டும்.

குடும்பத்தை மறந்துவிட்டீர்கள், கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கவனித்துக்கொள்ளும் மனைவிக்கோ தாய்க்கோ வாசலில் காத்திருக்க ஒரு பெஞ்சு போட்டால் போதாது. அவர்களும் தங்களுக்குள் பேச ஓர் அறை, பிள்ளைகள் விளையாட ஒரு மூலை வேண்டும். காயமடைந்தவர்களில் பெண்களும் இருப்பார்கள். வரவேற்பில் இருப்பவர் அப்படி வந்த பெண்ணைப் பார்த்து “யாருடன் வந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டால் அதோடு முடிந்தது.

மாடி பற்றி: லிஃப்ட் வரும்வரை மாடியைப் பூட்டி வைத்திருங்கள். ஆலோசனை அறை மேலே இருந்தால் படியேற முடியாதவருக்கு மனக்காயமே இருக்கக்கூடாது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். ஏற முடிந்தவரும் தயங்குவார். மாடிக்குப் போகிறார் என்றாலே எதற்கு என்று கூடத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடுமே. கீழேயே, ஓய்வூதிய உதவி மேசைக்கும் பிசியோதெரபி அறைக்கும் இடையில் வேறு கதவுகளைப் போலவே ஒரு கதவாக அது இருக்கட்டும். பேச்சு வெளியே கேட்காதபடி சுவரைக் கூரைவரை எழுப்புங்கள். தீப்பிடித்தால் லிஃப்டைப் பயன்படுத்த முடியாது. ஆகவே பிறகு லிஃப்ட் வந்தாலும், மாடியிலிருந்து ஒருவரைக் கீழே கொண்டுவரும் ஏற்பாடு தயாரான பிறகுதான் மேலே அறைகளைத் திறக்க வேண்டும்.

பணம் குறைவாக இருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்: முன்வாசல் சாய்தளமும் படியும், கழிப்பறைகளும் அந்தத் தனியறையும், கூடத்தில் ஒலியும் விளக்கும், பிறகு மற்றவை. தடுப்புச் சுவர்களை முதல் ஆறு மாதம் நகர்த்தக்கூடிய பலகையாகவே வைத்திருந்து, எது எங்கே சரிப்படுகிறது என்று வருகிறவர்கள் சொன்ன பிறகு கட்டுங்கள். சாய்தளத்துக்கான இடம் போதுமா என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இருப்பது தெரிகிறது. வாசற்படியிலிருந்து தெருவரை உள்ள நீளத்தையும், முகப்பின் மொத்த அகலத்தையும், மரம் எங்கே நிற்கிறது என்பதையும் கையால் வரைந்து அனுப்புங்கள். எப்படி மடக்கலாம் என்று குறித்துத் தருகிறேன்.